நம்பர் பிளேட்டைத் தடுத்தால் புகை நின்றுவிடுமா?

வீட்டில் இருப்பது ஒரே கார். அதன் நம்பர் 7-ல் முடிகிறது. இன்று தேதி 12. காலை 8 மணிக்கு மேல் காரை வெளியே எடுத்தால் 2,000 ரூபாய் அபராதம். நாளை 13. நாளைக்கு எடுக்கலாம்.

2016 ஜனவரியில், டெல்லியில் கார் வைத்திருந்த குடும்பங்கள் தினமும் காலையில் போட்ட கணக்கு இது. ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண் கொண்ட கார்கள் மட்டும் ஓடலாம். இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை எண் கொண்டவை மட்டும். காலை 8 முதல் இரவு 8 வரை கட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. ஜனவரி 1 முதல் 15 வரை நடந்த சோதனை முயற்சி அது.

திடீரென்று வந்த யோசனை அல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் டெல்லி உயர் நீதிமன்றம், இந்த நகரில் வாழ்வது விஷவாயு அறைக்குள் வாழ்வதுபோல் இருக்கிறது என்று சொல்லியிருந்தது. அதையொட்டித்தான் ஒற்றை - இரட்டைத் திட்டத்தை டெல்லி அரசு அறிவித்தது. முதல் நாளில் முதல்வர் அர்விந்த் கெஜ்ரிவால் இரண்டு அமைச்சர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் போனார். துணை முதல்வர் மணீஷ் சிசோடியா சைக்கிளில் போனார். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பள்ளிப் பேருந்துகளைப் பொதுமக்களுக்கு ஓட்டினார்கள்.

சாலையில் நெரிசல் குறைந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. காற்று சுத்தமானதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை அளந்துதான் சொல்ல முடியும்.

ஜனவரியில் பலன்... ஏப்ரலில்?

காற்று மாசு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது கரும்புகை. உடம்புக்குள் போய் உட்காருவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். பி.எம். 2.5 என்று செய்திகளில் வருகிறதே, அதுதான். 2.5 மைக்ரானுக்கும் குறைவான விட்டம் கொண்ட துகள்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் தொண்டைச் சளியும் இவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. நேராக நுரையீரலின் அடி வரை போகும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும்.

டெல்லிச் சோதனையைச் சிகாகோ, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கட்டுப்பாடு இருந்த டெல்லியின் காற்றை, கட்டுப்பாடு இல்லாத பக்கத்து ஊர்களின் காற்றோடு ஒப்பிட்டார்கள். ஜனவரியில், கட்டுப்பாடு இருந்த மணி நேரங்களில் பி.எம். 2.5 அளவு 10 முதல் 13 சதவிகிதம் வரை குறைந்திருந்தது. ஏப்ரல் 15 முதல் 30 வரை அதே திட்டம் மறுபடி வந்தபோது எந்தக் குறைவும் தெரியவில்லை.

அதே நகரம், அதே விதி. ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு காரணத்தைப் போகிப் பண்டிகை பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். மார்கழி முடிவில், விடியற்காலையில், தெருவில் எரித்த பழைய பாயின் புகை மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று மூடிபோல. புகைக்கு வெளியேற வழி கிடையாது. டெல்லியின் ஜனவரி முழுக்க ஏறக்குறைய இதே கதைதான். அந்த மாதத்தில் ஒவ்வொரு வண்டியின் புகையும் கணக்கில் சேரும். ஏப்ரலில் வெயில் ஏறி, காற்று சூடாகி மேலே எழும். புகை கலைந்துவிடும். ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதி வேறு வந்து சேரும். கார்கள் குறைந்த கணக்கு அந்தப் புழுதியில் காணாமல் போய்விடும்.

இன்னொரு காரணம், மனிதர்கள். பதினைந்து நாள் என்றால் பொறுத்துக்கொள்வோம். மறுபடி மறுபடி வரும் என்று தெரிந்தால் வேறு வழி தேடுவோம். அந்த வழி எது என்பதை இன்னொரு நகரம் முன்பே காட்டிவிட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

ஜனவரியின் 13 சதவிகிதத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் நுண்துகள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெல்லிக் குளிர்காலத்தில் இது அபூர்வமான அளவு அல்ல. அதில் 13 சதவிகிதம் குறைந்தால் 174. இந்தியாவின் ஒரு நாள் வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 15. 200-ஐ விட 174 நல்லதுதான். ஆனால், ஆஸ்துமா இருக்கும் பிள்ளையை விளையாட வெளியே அனுப்பும் அளவுக்கு அது நல்ல காற்று இல்லை.

புகையில் காரின் பங்கு

டெல்லி அரசுக்காக கான்பூர் ஐ.ஐ.டி. தயாரித்த ஆய்வறிக்கை அதே 2016 ஜனவரியில் வெளியானது. நகருக்குள் உருவாகும் பி.எம். 2.5 துகள்களில் சாலைப் புழுதியின் பங்கு 38 சதவிகிதம். வாகனப் புகை 20 சதவிகிதம். வீட்டு அடுப்பு, தொழிற்சாலை, குப்பை எரிப்பு என்று மீதி.

அந்த 20 சதவிகித வாகனப் புகையையும் பிரித்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதி லாரிகளிலிருந்து வருகிறது. மூன்றில் ஒரு பங்கு இருசக்கர வாகனங்களிலிருந்து. கார்களின் பங்கு பத்தில் ஒன்றுதான்.

அப்படியென்றால் ஜனவரியில் 10 சதவிகிதத்துக்கு மேல் எப்படிக் குறைந்தது என்று கேட்கத் தோன்றும். கார் குறைந்தால் நெரிசலும் குறைகிறது. சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கும் பேருந்தும் ஆட்டோவும் வேகமாக நகர்ந்துவிடுகின்றன. சக்கரங்கள் கிளப்பும் புழுதியும் குறைகிறது. சைலன்சரிலிருந்து வரும் வாயுக்கள் காற்றில் கலந்து பிறகு துகளாக மாறுவதும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து நேரடிப் புகைக் கணக்கைவிடப் பலனைக் கூட்டியிருக்கலாம்.

ஆனால், அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதிகம் புகை விடும் லாரிகள் பொதுவாக இரவில்தான் நகருக்குள் வருகின்றன. கட்டுப்பாடோ பகலில். இருசக்கர வாகனங்களுக்கு முழு விலக்கு. பெண்கள் ஓட்டும் கார்கள், சி.என்.ஜி. கார்கள், முக்கியப் பிரமுகர்களின் கார்களுக்கும் விலக்கு. விதி பிடித்து நிறுத்தியது பெரும்பாலும் புகைக் கணக்கில் சிறிய பங்கு வகிக்கும் வண்டிகளைத்தான்.

இருசக்கர வாகனங்களை ஏன் விட்டார்கள்? டெல்லியில் பதிவான வாகனங்களில் மூன்றில் இரண்டு பங்கு அவைதான். அவற்றில் பாதியை நிறுத்தினால், அந்த மக்களை ஏற்றிக்கொள்ளப் பேருந்துகள் இல்லை. 2017 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இருசக்கர வாகனங்களுக்கும் பெண்களுக்கும் விலக்குத் தரக் கூடாது என்றது. டெல்லி அரசு அந்தச் சுற்றையே கைவிட்டுவிட்டது. வீட்டுக்கு ஒரே வண்டியாக பைக் வைத்திருப்பவரை, மாற்று வழி காட்டாமல் நிறுத்த எந்த அரசும் துணியாது.

இங்கே ஒரு பழைய எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்கு 10,000 பேருந்துகள் வேண்டும், 2001 ஏப்ரலுக்குள் அவை ஓட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு போட்ட ஆண்டு 1998.

இரண்டாவது கார்

நம்பர் பிளேட் கட்டுப்பாட்டை நீண்ட காலம் நடத்திப் பார்த்த நகரங்களில் முக்கியமானது மெக்சிகோ சிட்டி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கும் நகரம். உருவாகும் புகை வெளியேற வழி குறைவு.

1989 நவம்பர் 20 அன்று அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ‘ஹோய் நோ சிர்குலா’. ‘இன்று ஓடாது’ என்று பொருள். நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து, ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு நாள் காலை 5 முதல் இரவு 10 வரை வெளியே வரக் கூடாது. 5, 6 என்றால் திங்கள். 7, 8 என்றால் செவ்வாய். இப்படி. வண்டியில் ஒட்ட நாளுக்கு ஒரு வண்ண ஸ்டிக்கர். குளிர்காலத்துக்கு மட்டும் என்று தொடங்கியது, பிறகு நிரந்தரமானது.

கணக்குப்படி தினமும் ஐந்தில் ஒரு கார் குறைய வேண்டும். காற்றும் அதற்கேற்பச் சுத்தமாக வேண்டும். பொருளாதார ஆய்வாளர் லூகாஸ் டேவிஸ், நகரின் காற்று அளவீட்டு நிலையங்களின் பதிவுகளை எடுத்து, திட்டத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டார். அவரது ஆய்வு 2008-ல் வெளியானது. கார்பன் மோனாக்சைடு, ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு என்று எதை எடுத்தாலும், திட்டத்தால் காற்று மேம்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்தக் கார்களெல்லாம் எங்கே போயின? மெட்ரோவிலும் பேருந்திலும் கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்தார். கூடவில்லை. கூடியது, நகரில் இருந்த கார்களின் எண்ணிக்கைதான்.

யோசித்துப் பாருங்கள். திங்கள்கிழமை ஓடக் கூடாத கார் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஓடக் கூடாத இன்னொரு காரை வாங்கிவிட்டால் பிரச்னை தீர்ந்தது. இரண்டாவது காருக்கு யாரும் புதிய காரை வாங்குவதில்லை. விலை மலிவான பழைய வண்டியைத்தான் வாங்குவார்கள். பழைய வண்டி என்றால் புகையும் அதிகம். அப்படி வாங்கிய வண்டி வாசலில் நின்றால், மற்ற நாள்களிலும் வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். காற்றைச் சுத்தமாக்க வந்த விதி, புகை விடும் வண்டிகளை நகருக்குள் இழுத்து வந்தது. 2008-ல் சனிக்கிழமைக்கும் கட்டுப்பாட்டை நீட்டித்தார்கள். அதிலும் பலனில்லை என்று டேவிஸின் அடுத்த ஆய்வு சொன்னது.

இன்னொரு கார் வாங்க வசதி இல்லாதவர் மட்டும் வாரத்தில் ஒரு நாள் சிரமப்பட்டார். விதியின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மெக்சிகோ சிட்டியின் காற்று பிற்காலத்தில் மேம்படாமல் இல்லை. அதற்கு உதவியவை வேறு. நகருக்குள் இருந்த பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை 1991-ல் மூடினார்கள். பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்தார்கள். புதிய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கினார்கள். ‘இன்று ஓடாது’ விதியையும் புகைப் பரிசோதனையோடு இணைத்தார்கள். பரிசோதனையில் நல்ல சான்று பெற்ற வண்டிக்கு வாராந்திரத் தடை கிடையாது என்றானது. நம்பரை விட்டுவிட்டுப் புகையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த விதிக்கு ஓர் அர்த்தம் வந்தது.

முதலில் பேருந்து, பிறகு கட்டணம்

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் வேறு பாதையில் போனது. தடை இல்லை, கட்டணம். நகரின் மையப் பகுதிக்குள் வரும், வெளியேறும் ஒவ்வொரு வண்டியையும் கேமரா படம் பிடிக்கும். நெரிசல் நேரத்தில் கட்டணம் அதிகம், மற்ற நேரத்தில் குறைவு, இரவில் இலவசம். 2006 ஜனவரி 3-ல் தொடங்கி ஏழு மாதம் சோதனை.

கட்டணத்துக்கு முன் அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். 2005 ஆகஸ்டிலேயே ஏறக்குறைய 200 புதிய பேருந்துகளை ஓடவிட்டார்கள். ‘காரை எடுக்காதே’ என்று சொல்வதற்கு நான்கு மாதம் முன்பே, ‘இதோ பேருந்து’ என்று காட்டிவிட்டார்கள்.

எல்லைக்குள் வந்து போகும் வாகனங்கள் சுமார் 20 சதவிகிதம் குறைந்தன. தொடங்கும்போது பெரும்பாலான மக்கள் எதிர்த்த திட்டம் இது. சோதனை முடிந்து, 2006 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தியபோது, நகரவாசிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘வேண்டும்’ என்றார்கள். 2007 ஆகஸ்டில் திட்டம் நிரந்தரமானது.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. பொருளாதார ஆய்வாளர்கள் எமிலியா சிமியோனோவா, ஜேனட் கரி உள்ளிட்டோர், ஸ்டாக்ஹோம் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். காற்று மாசு குறைந்தது 5 முதல் 15 சதவிகிதம்தான். ஆனால், கடுமையான ஆஸ்துமா என்று மருத்துவமனைக்கு வந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பலன் உடனே தெரியவில்லை. கட்டணம் தொடர்ந்து நீடிக்க நீடிக்க, படிப்படியாகக் கூடியது.

ஸ்டாக்ஹோம் ஏற்கெனவே ஓரளவு சுத்தமான நகரம் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கேயே சிறிய குறைவு குழந்தைகளின் நுரையீரலுக்கு இவ்வளவு உதவியது என்றால், டெல்லியில் காற்று மாசு நிரந்தரமாகக் குறைவது என்ன செய்யும் என்று கற்பனை செய்யலாம். ‘நிரந்தரமாக’ என்பதுதான் அதில் முக்கியமான சொல். பதினைந்து நாள் திட்டத்தில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஒன்பது வயதுச் சிறுமியின் இறப்புச் சான்றிதழ்

லண்டனின் தென்கிழக்கே லூயிஷம் பகுதி. ‘சவுத் சர்குலர்’ என்ற போக்குவரத்து மிகுந்த சாலையிலிருந்து 30 மீட்டருக்குள் ஒரு வீடு. அங்கே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி டெப்ராவுக்கு ஆஸ்துமா. மூன்றாண்டுகளுக்குள் ஏறக்குறைய 30 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில் இறந்தபோது அவளுக்கு வயது ஒன்பது.

அம்மா ரோசமண்ட் விடவில்லை. மகளின் இறப்புக்கும் வீட்டு வாசல் காற்றுக்கும் தொடர்பு உண்டா என்று மறுபடி விசாரிக்க வேண்டும் எனப் போராடினார். 2020 டிசம்பரில், எல்லாவின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு முக்கியக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புச் சான்றிதழில் காற்று மாசு இடம்பெற்றது அதுவே முதல்முறை.

லண்டன் 2003-லிருந்தே மையப் பகுதியில் நெரிசல் கட்டணம் வாங்கிவந்தது. 2019 ஏப்ரலில் ‘யூலெஸ்’ என்ற புகை குறைந்த மண்டலத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் நம்பர் பார்ப்பதில்லை. வண்டியின் புகைத் தரத்தைப் பார்ப்பார்கள். பெட்ரோல் வண்டி ‘யூரோ 4’ தரத்தையும், டீசல் வண்டி ‘யூரோ 6’ தரத்தையும் எட்டியிருக்க வேண்டும். எட்டியிருந்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.

2021 அக்டோபரில் மண்டலத்தை விரிவாக்கினார்கள். எல்லை சவுத் சர்குலர் சாலை வரை வந்தது. அந்தச் சாலை மட்டும் மண்டலத்துக்குள் வரவில்லை. 2023 ஆகஸ்ட் 29-ல் லண்டன் முழுவதற்கும் விரிவாக்கிய பிறகுதான், எல்லா வாழ்ந்த வீட்டருகே ஓடும் சாலையும் உள்ளே வந்தது. அவள் இறந்து பத்தாண்டுகள் கழித்து.

அந்தக் கடைசி விரிவாக்கத்துக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. புறநகரில் பேருந்து வசதி மையப் பகுதி அளவுக்கு இல்லை. பழைய டீசல் வேனில் கருவிகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை பார்க்கும் பிளம்பர், இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் மருத்துவமனை ஊழியர் போன்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. 2023 ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜ் தொகுதி இடைத்தேர்தலில் இதுவே முக்கியப் பிரச்னையானது. மேயர் சாதிக் கானின் லேபர் கட்சி 495 வாக்குகளில் தோற்றது. ஆத்திரத்தில் கேமராக்களை வெட்டியவர்களும் உண்டு.

பழைய காரைக் கைவிடுவோருக்கு 2,000 பவுண்டு வரை உதவித்தொகை கொடுத்தார்கள். முதலில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு எல்லா லண்டன்வாசிகளுக்கும். முதலிலேயே தாராளமாகக் கொடுத்திருந்தால் கோபம் இவ்வளவு வந்திருக்காது.

பலன் என்ன? 2017-ல் இந்தப் புகைத் தரத்தை எட்டிய வண்டிகள் லண்டனில் 39 சதவிகிதம்தான். 2024-ல் அது ஏறக்குறைய 97 சதவிகிதம். யூலெஸ் இல்லாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட, நகரின் நைட்ரஜன் டை ஆக்சைடு 27 சதவிகிதம் குறைவு என்கிறது மேயர் அலுவலகத்தின் 2025 அறிக்கை. 2019-ல் தொடங்கிய சில வாரங்களுக்குள் கிடைத்த பலனை மட்டும் அளந்த இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், அது 3 சதவிகிதத்துக்கும் குறைவு என்றார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. விதி வரப்போகிறது என்று தெரிந்ததுமே பலர் வண்டியை மாற்றிவிட்டார்கள். அதனால், தொடங்கிய நாளில் பெரிய மாற்றம் தெரியாது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மெக்சிகோவில் மக்கள் விதியிலிருந்து தப்பிக்கப் பழைய கார் வாங்கினார்கள். லண்டனில் தப்பிக்க ஒரே வழி, புகை குறைந்த வண்டிக்கு மாறுவது. தப்பிக்கும் வழியே விதியின் நோக்கமாக இருந்தது.

வயதைப் பார்ப்பதா?

மறுபடி டெல்லிக்கு வருவோம். 2025 ஜூலை 1. பெட்ரோல் பங்க்குகளில் கேமராக்கள். 10 ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வண்டிக்கும், 15 ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் எரிபொருள் கிடையாது. பசுமைத் தீர்ப்பாயம் முன்பே போட்ட, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த வயது வரம்பு இது. அமல்படுத்த முயன்றபோது எதிர்ப்பு வெடித்தது. இரண்டே நாளில் டெல்லி அரசே இதை நிறுத்திவைக்கச் சொல்லிக் காற்றுத்தர மேலாண்மை ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. ஆகஸ்டில், வயதைக் காரணம் காட்டி மட்டும் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அதைத் திருத்தி, ‘பி.எஸ்.-4’ தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு என்றது.

எதிர்த்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் 16 ஆண்டுகள் பழைய பெட்ரோல் காரைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் எடுக்கிறார். ஆறு ஆண்டுகளே ஆன டீசல் டாக்ஸி ஒன்று, பராமரிப்பு இல்லாமல் தினமும் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. வயதைப் பார்த்தால் கார் குற்றவாளி, டாக்ஸி நிரபராதி.

ஆனால், வயது முற்றிலும் பொருளற்றது என்றும் சொல்ல முடியாது. ‘பி.எஸ்.-4’ டீசல் காரோடு ஒப்பிட்டால், ‘பி.எஸ்.-6’ டீசல் கார் விடக்கூடிய துகள் அளவின் வரம்பு சுமார் 80 சதவிகிதம் குறைவு. பழைய வண்டி பெரும்பாலும் பழைய தரத்தில் தயாரானது. வயதைவிடத் தரம் சரியான அளவுகோல். தரத்தைவிடவும் சரியானது, சாலையில் அந்த வண்டி உண்மையில் விடும் புகை.

அங்கேதான் நம் நாட்டில் ஓட்டை. ‘பொல்யூஷன் சர்டிஃபிகேட்’ பரிசோதனையில் பி.எம். 2.5 அளக்கப்படுவதே இல்லை. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியும்தான் பார்க்கப்படுகின்றன. 2025 டிசம்பரில் ‘சர்டிஃபிகேட் இல்லையென்றால் எரிபொருள் இல்லை’ என்று டெல்லி அறிவித்தது. திசை சரி. ஆனால், அந்தக் காகிதம் எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் அந்த விதியும் உண்மை.

புகையைப் பார்த்து வேலை செய்வது டெல்லிக்குப் புதிதும் அல்ல. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், நகரப் பேருந்துகள் எல்லாம் டீசலிலிருந்து சி.என்.ஜி.-க்கு மாற வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு தள்ளிப்போனது, காஸ் நிரப்ப நீண்ட வரிசைகள் நின்றன, மக்கள் அவதிப்பட்டார்கள். இருந்தும் 2002 இறுதிக்குள் பேருந்துகள் மாறிவிட்டன. பேருந்தின் பின்னால் போனால் முகத்தில் கரி அப்பும் காலம் முடிந்தது.

அடுத்த முறை அறிவிப்பு வரும்போது

இந்த நகரங்களின் அனுபவத்தை வைத்து, எந்த வாகனக் கட்டுப்பாட்டையும் நான்கு கேள்விகளால் எடைபோடலாம்.

ஒன்று, இந்த விதி அதிகம் புகை விடும் வண்டியைப் பிடிக்கிறதா, எளிதில் கண்ணில் படும் வண்டியைப் பிடிக்கிறதா?

இரண்டு, இதிலிருந்து தப்பிக்க மக்கள் என்ன செய்வார்கள்? அப்படிச் செய்தால் புகை கூடுமா, குறையுமா?

மூன்று, வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வருபவருக்கு மாற்று வழி என்ன? பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு உதவி என்ன?

நான்கு, இது எத்தனை நாளைக்கு?

2016-ன் டெல்லித் திட்டத்துக்கு இந்த நான்கிலும் நல்ல பதில் இல்லை. 2019 நவம்பரில் அபராதத்தை 4,000 ரூபாயாக உயர்த்தி மறுபடி நடத்தினார்கள். 2023 நவம்பரில் மறுபடி அறிவித்தார்கள். இதெல்லாம் வெறும் தோற்றத்துக்குத்தான் என்ற பொருளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் விமர்சித்தார். அதற்குள் மழை பெய்து காற்று கொஞ்சம் தெளியவே, திட்டம் தள்ளிப்போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும், சாலைப் புழுதி, குப்பை எரிப்பு, தொழிற்சாலைப் புகை, குளிர்கால முன்பகுதியில் பக்கத்து மாநிலங்களில் எரியும் பயிர்த்தாள் ஆகியவற்றை அது தொடாது. வாகனக் கட்டுப்பாடு காற்று மாசுக்கு ஒரு மருந்து. அது மட்டுமே மருந்து அல்ல.

வரும் குளிர்காலத்திலும் டெல்லி மூச்சுத் திணறும். யாராவது ஏதாவது தடையை அறிவிப்பார்கள். அப்போது எந்த எண் ஓடும், எந்த எண் ஓடாது என்பது தலைப்புச் செய்தியாகும். கேட்க வேண்டிய எண் வேறு. 2001-க்குள் ஓட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 10,000 பேருந்துகளை டெல்லி இன்னும் எட்டவில்லை.